தாய் ஒருவர் செய்யும் நான்கு வேலைகள்

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் பெற்றோரின் காலத்துக்குப் பிறகும் நீண்ட நாள் வாழ்வது கடந்த சில பத்தாண்டுகளில் வந்த மாற்றம். அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1983-இல் 25 ஆண்டுகளாக இருந்தது. இன்று அது ஏறத்தாழ 60. இதய அறுவை சிகிச்சை இவர்களுக்கும் கிடைக்கத் தொடங்கியது, பிள்ளைகள் பெரிய காப்பகங்களை விட்டு வீட்டிலேயே வளரத் தொடங்கினார்கள் என்ற இரண்டும் இதற்கு முக்கியக் காரணங்கள். அதே போக்கைத் தமிழ்நாட்டின் சிறப்புப் பள்ளிகளிலும் காணலாம். 1990-களில் பணிக்குச் சேர்ந்த ஆசிரியர்கள், தாங்கள் பல் துலக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் கற்றுக்கொடுத்த பிள்ளைகளை இன்று நரை விழுந்த தலையோடு பார்க்கிறார்கள். கைப்பிடித்து அழைத்து வரும் தாய்க்கு எழுபது வயது கடந்திருக்கிறது. அந்தத் தாய்மார் கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை: "எனக்கப்புறம் இவனை யாரு பாத்துப்பாங்க?"

அந்த ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. யார் கையெழுத்துப் போடுவது? யார் பணத்தை வைத்துச் செலவழிப்பது? யாருடன், எங்கே வாழ்வது? இம்மூன்றும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று யார் பார்ப்பது? தாய் இருக்கும்வரை இந்த நான்கு வேலைகளையும் அவர் ஒருவரே செய்துவிடுவதால், அவை நான்கு என்பதே வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. அவருக்குப் பிறகு நான்கையும் அப்படியே தூக்கிச் சுமக்க இன்னொருவர் கிடைப்பது அரிது. நான்கையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஆளைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அமர்த்துவதுதான் திட்டமிடுதல். இத்துறையில் நெடுநாள் பணியாற்றியவர்களின் அனுபவம் முழுவதும் இந்த ஒரு முடிவில்தான் வந்து நிற்கிறது.

முதல் தலைமுறைப் பணியாளர்களுக்கு இந்தக் கேள்வியை எடுத்துப் பேசவே நேரம் இருக்கவில்லை. மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் பால விகாரைத் தொடங்கிய 1950-களிலும், பூனம் நடராஜன் வித்யா சாகரைத் தொடங்கிய 1985-லும் முதல் தேவை, பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஒரு பள்ளி. ஊர் ஊராகப் போய், கதவுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளை வெளியே அழைத்து வருவதே பெரும்பாடாக இருந்தது. பள்ளிக்கு வந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயதானபின் என்ன என்று கேட்டால், "அண்ணன் பாத்துப்பான்", "சித்தப்பா இருக்காரு", "சாமி விட்ட வழி" என்பவையே பதில்கள். கூட்டுக்குடும்பம் இருந்த காலத்தில் அவை பொய்யான பதில்களும் அல்ல. ஒரே வளவில் நான்கு குடும்பங்கள் இருந்தபோது, சோறு போட ஒரு கை எப்படியும் இருந்தது.

இரண்டே பிள்ளைகள், அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் என்று குடும்பங்கள் மாறிய பிறகு அந்தப் பதில்கள் பலிக்கவில்லை. எந்த ஏற்பாடும் இல்லாதவர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி காட்டியது. ராமநாதபுரம் மாவட்டத்து அந்த ஊரில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர். அவர்களில் பலர் குடும்பத்தினர் கொண்டுவந்து விட்டவர்கள். அதன் பிறகுதான் பெற்றோர் கூட்டங்களில் "ஏதாவது ஒரு ஹோம்ல விட்டுடலாம்" என்று சொல்பவர்களிடம், "எந்த ஹோம், யார் போய்ப் பார்ப்பது?" என்று திருப்பிக் கேட்கும் வழக்கம் வந்தது.

நான்கு வேலைகளில் முதலாவது கையெழுத்து. பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும், பெற்றோர் என்ற உறவு மட்டும் அவருக்காகக் கையெழுத்திடும் உரிமையைத் தருவதில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு இது தெரியவருவது வங்கியிலோ பத்திரப்பதிவு அலுவலகத்திலோதான். முன்பு இதற்கு மாவட்ட நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. வக்கீல் செலவும் வாய்தாவும் எண்ணி, பலர் போகாமலே விட்டார்கள். 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளில் உள்ளவர்களுக்கு மாவட்ட அளவிலேயே சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்க இச்சட்டம் வழி செய்தது. ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் கொண்ட உள்ளூர்க் குழு மனுவை விசாரித்துச் சான்று தருகிறது. பெற்றோர், உறவினர், பதிவுபெற்ற அமைப்பு என யார் வேண்டுமானாலும் மனுச் செய்யலாம். அறிவுசார் குறைபாடு இல்லாத மனநோய் இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், நோயாளி தனக்கென நியமிக்கும் பிரதிநிதியும் என்று தனி வழி உண்டு.

விசாரணை நடக்கும் விதம் இடத்துக்கு இடம் மாறுகிறது. சில இடங்களில் கோப்பு மேசைக்கு வந்து கையெழுத்தாகிப் போய்விடுகிறது. வேறோர் இடத்தில் ஓர் ஆட்சியர், மனுதாரரான தாயை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த 22 வயதுப் பெண்ணிடம் பேசத் தொடங்கினார். "உன் பேர் என்ன?" என்றதற்குப் பதில் வந்தது. "அம்மா ஊருக்குப் போனா யார் வீட்ல இருப்ப?" என்றதற்கு, "அத்தை" என்று பளிச்சென்று சொன்னாள். தாய் மனுவில் மாற்றுப் பாதுகாவலராக எழுதி வைத்திருந்தது தன் தம்பியின் பெயரை. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு, கோப்பு தள்ளிவைக்கப்பட்டு, அத்தையும் வரவழைக்கப்பட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகாத அந்தப் பேச்சு, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வதை நடைமுறையில் காட்டியது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டம், குறைபாடுகளின் பட்டியலை 7-லிருந்து 21-ஆக விரித்ததோடு, பாதுகாவலர் தனித்து முடிவெடுப்பதற்குப் பதிலாக மாற்றுத்திறனாளியோடு கலந்து முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் முறையையும் கொண்டுவந்தது. பேச்சு வராத பிள்ளைக்கும் விருப்பம் உண்டு. அதைக் கேட்டறிய ஆள் வேண்டும், பொறுமை வேண்டும்.

சான்று இல்லாததால் வரும் சிக்கலுக்கு ஒரு தந்தையின் கதை போதும். மகனுக்காகவே வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேமித்து, அவன் பெயரிலேயே ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டார். அவர் இறந்தபின், வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மகனால் கையெழுத்திட முடியவில்லை; தாய்க்கு அந்த உரிமை இல்லை. குடியிருந்தவர் காலி செய்யவும் மறுத்தார், வாடகையையும் நிறுத்தினார். வழக்குப் போடவும் சான்று வேண்டும். எல்லாம் முடிந்து வாடகை மீண்டும் வருவதற்குள், மகனின் பிசியோதெரபி நின்று, அவன் கால் தசைகள் இறுகிப்போயின. பிள்ளைமேல் உள்ள பாசத்தில் சொத்தை நேரே பிள்ளையின் பெயரில் வாங்கும் வழக்கம் இன்றும் பரவலாக இருக்கிறது. சான்று வாங்காமல் அதைச் செய்வது, சொத்தைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போடுவதற்குச் சமம்.

இதற்கு நேர்மாறான ஆபத்து, பிள்ளையின் பங்கை மற்றவர்கள் எழுதி வாங்கிக்கொள்வது. குறைபாடு இருப்பதால் வாரிசுரிமை போகாது என்பதை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு 1956-லேயே தெளிவாக்கிவிட்டது. ஆனாலும், பாகப்பிரிவினையின்போது அறிவுசார் குறைபாடுள்ள சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கும் சம்பவங்கள் நின்றபாடில்லை. எழுதுவது இன்னதென்று புரிந்துகொள்ள இயலாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். அதைச் சொல்லி வழக்காட, சகோதரியின் பக்கம் நிற்க ஒருவர் இருக்க வேண்டும்.

இரண்டாவது வேலை பணம். பெற்றோர் கூட்டங்களில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு சேர்த்து வெச்சா போதும்?" என்பது. இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் தொகை இல்லை. ஆனால் கணக்கிடும் முறை எளியது. இன்று பிள்ளைக்கு மட்டும் மாதம் 30,000 ரூபாய் செலவாகிறது என்று கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், செலவு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். 12 ஆண்டில் 60,000. 24 ஆண்டில் 1,20,000. 36 ஆண்டில் 2,40,000. இன்று 24 வயதுள்ள மகனுக்கு 60 வயதாகும்போது தேவைப்படுவது அந்தக் கடைசித் தொகை. மேலும், பெற்றோர் இருக்கும்வரை சம்பளம் இல்லாமல் நடந்த வேலைகளுக்கு, அவர்களுக்குப் பின் சம்பளம் கொடுக்க வேண்டிவரும். குளிக்கவைப்பது, மருந்து கொடுப்பது, இரவில் எழுந்து பார்ப்பது எல்லாம் அதில் சேரும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பெற்றோர் முதலில் திகைத்துப்போகிறார்கள். பிறகுதான், எதெல்லாம் நிரந்தர வரவாக வரக்கூடும் என்று பார்க்கத் தொடங்குகிறார்கள்.

அரசு ஊழியராக இருந்த பெற்றோருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய துணை குடும்ப ஓய்வூதியம். தானே பிழைப்பு நடத்த இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு மத்திய அரசு விதிகளின்படி அது ஆயுள் முழுவதும் வரும். பிள்ளையின் பிற வருமானம் அந்த ஓய்வூதியத் தொகையைவிடக் குறைவாக இருந்தால் போதும் என்று 2021-இல் விதி தளர்த்தப்பட்டது. தனியார் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களின் 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்திலும், நிரந்தரமாக முழு இயலாமை உள்ள பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் ஓய்வூதியம் உண்டு. வருங்கால வைப்புநிதி பிடித்தம் இருந்த பல தொழிலாளர் குடும்பங்களுக்கு இது தெரிவதே இல்லை. தந்தை இறந்து ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத் தற்செயலாகக் கேள்விப்பட்டு ஓடி வருகிறார்கள்.

பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்த்து, பிள்ளைக்காக அதைப் பெறப்போகும் நபரின் பெயரையும் கொடுத்துவிடுவது பெரிய அலைச்சலைத் தவிர்க்கும். அப்படிச் செய்யாத வீடுகளில், தாய் தகப்பன் இருவரும் போன பிறகு, ஓய்வூதியத்துக்காக மருத்துவச் சான்று, வருமானச் சான்று, பாதுகாவலர் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசையில் நிற்க வேண்டும். நிற்பவர் பெரும்பாலும் திருமணமாகி வேறு ஊரில் இருக்கும் தங்கை. இன்னொரு கண்ணியும் இதில் உண்டு. பெற்றோர் பாசத்தால் பெரிய வைப்புத்தொகைகளைப் பிள்ளையின் பெயரில் போட்டுவைத்தால், அந்த வட்டியே வருமான வரம்பைத் தாண்டிவிடக்கூடும். அப்போது ஆயுளுக்கும் வரவேண்டிய ஓய்வூதியம் கைநழுவிப் போகும். ஆகவே எந்தப் பணம் யார் பெயரில் என்பதை, ஓய்வூதியத்தை முன்னால் வைத்துக்கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

சொத்தும் சேமிப்பும் உள்ளவர்களுக்கு நல்ல வழி, 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி பிள்ளைக்கென ஒரு தனியார் டிரஸ்ட் எழுதுவது. நிலம், வீடு சேர்ந்ததாக இருந்தால் அதைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்தே ஆகவேண்டும். தொடக்கத்தில் சிறு தொகையோடு டிரஸ்டை ஏற்படுத்தி, காப்பீட்டுத் தொகையும் சொத்தும் பின்னால் உயில் வழியாக அதில் வந்து சேரும்படி செய்பவர்கள் உண்டு. அப்பா வழியில் ஒருவர், அம்மா வழியில் ஒருவர், குடும்பத்துக்கு வெளியே ஆடிட்டரோ வக்கீலோ ஒருவர் என மூன்று டிரஸ்டிகள் இருந்தால், ஒருவரை ஒருவர் கேட்டுச் செலவு செய்யும் பழக்கம் வரும். டிரஸ்டின் வருமானத்துக்கு வரி எப்படி விழும் என்பது பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. எனவே வரி தெரிந்தவர் பார்க்காமல் பத்திரம் எழுதக்கூடாது.

பத்திரத்தில் பலர் யோசிக்காமல் எழுதும் ஒரு வரி, மிச்சம் யாருக்கு என்பது. பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கே, பிள்ளையின் காலத்துக்குப் பின் எல்லாம் சேரும் என்று நன்றிக்கடனாக எழுதிவிடுகிறார்கள். அந்த வரியால், பிள்ளைக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் பார்த்துக்கொள்பவரின் பங்கிலிருந்து குறைகிறது. நல்ல மனிதர்களையும் இப்படிப்பட்ட சோதனையில் நிறுத்தக்கூடாது. பார்த்துக்கொள்பவருக்கு மாதாமாதம் மரியாதையான தொகை கொடுப்பதும், மிச்சத்தை வேறொருவருக்கோ பொது நிறுவனத்துக்கோ எழுதுவதும் பாதுகாப்பானவை. இஸ்லாமியக் குடும்பங்களில் உயிலால் மூன்றில் ஒரு பங்கையே எழுத முடியும், வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும் என்பதால், உயிரோடிருக்கும்போதே கொடையாகக் கொடுப்பதைப் பற்றி முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

வரிச்சலுகைகளில் தெரிந்திருக்க வேண்டியவை சில. 1961-ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டத்தில் 80டிடி பிரிவு, மாற்றுத்திறனாளியைச் சார்ந்திருப்போராகக் கொண்டவருக்கு 75,000 ரூபாயும், குறைபாடு 80 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் பழைய வரிமுறையில் கழிவாகத் தந்தது. அந்தப் பிரிவின்கீழ் வாங்கிய காப்பீட்டின் பணம் பெற்றோர் இறந்தபின்தான் பிள்ளைக்கு வரும் என்று நெடுங்காலம் இருந்தது. ஐம்பது வயதில் இருக்கும் மகனுக்கு, எண்பது வயதுத் தந்தை சாகும்வரை தன் பணம் கிடைக்காது என்பது பெற்றோரை வாட்டிய விதி. ஒரு தந்தை தொடுத்த வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் இதை மறுபரிசீலனை செய்யுமாறு அரசுக்குச் சொன்னது. 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், பெற்றோருக்கு 60 வயதானபின் அவர்கள் இருக்கும்போதே பணம் வர வழிவிட்டது. பெற்றோர் கேட்டுக்கொண்டே இருந்தால் விதிகள் மாறும் என்பதற்கு இது சான்று.

சொத்து இல்லாத குடும்பங்களே எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்கு முதல் படி மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், அதன் தொடர்ச்சியான தேசிய தனித்துவ அட்டையும். 40 விழுக்காடு என்ற சான்று கையில் இருந்தால்தான் மற்றக் கதவுகள் திறக்கும். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு, முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கேட்காமல் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவையும் தெரபிச் செலவையும் ஏற்கிறது. இத்தொகைகள் ஒரு வாழ்நாளை நடத்தப் போதாது. ஆனால் கூலிவேலை பார்க்கும் தாய் மாதம் நான்கு நாள் வேலையை விட்டுத் தெரபிக்கு அழைத்துப் போவதற்கும் போகாமல் இருப்பதற்கும் இடையே உள்ள வித்தியாசம் சில வேளைகளில் இந்தத் தொகைதான்.

மூன்றாவது வேலை உடனிருப்பது. தங்கும் இடம் என்றதும் பெற்றோர் மனத்தில் வருவது பெரிய கட்டடம், வரிசையாகக் கட்டில்கள். அதைவிட நல்லவை உண்டு. பிள்ளை தன் வீட்டிலேயே இருக்க, உடனிருக்க ஒருவரை அமர்த்துவது ஒன்று. உடன்பிறந்தவரின் வீட்டுக்கு அருகே தனியறையில் இருப்பது இன்னொன்று. நான்கைந்து பேர் சேர்ந்து வாழும் சிறு வீடு மூன்றாவது. 1995-இல் உருவான பரிவார் என்ற தேசியப் பெற்றோர் கூட்டமைப்பும், தேசிய அறக்கட்டளையின் தங்குமிடத் திட்டங்களும் இந்தச் சிறு வீடு என்ற எண்ணத்தைப் பரப்பின.

மேற்குத் தமிழ்நாட்டில் ஐந்து குடும்பங்கள் செய்த ஏற்பாடு இங்கே சொல்லத் தக்கது. பள்ளியில் ஒன்றாகப் படித்த ஐந்து இளைஞர்களுக்காக அவர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். முதல் ஆண்டு சனி, ஞாயிறு மட்டும் அங்கே தங்கல். முதல் இரவு ஒருவன் தூங்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். மறுவாரம் அவனுடைய பழைய போர்வையையும், அறையில் இருந்த அதே நீல இரவு விளக்கையும் கொண்டுவந்து வைத்தபின் உறங்கினான். இரண்டாம் ஆண்டு வாரத்தில் நான்கு நாள். ஒருவன் காய் நறுக்கக் கற்றான், ஒருவன் பால் பாக்கெட் வாங்கிவரப் போனான், கடைக்காரருக்கு அவன் பெயர் தெரிந்தது. மூன்றாம் ஆண்டு, அவர்களில் ஒருவனின் தந்தை மாரடைப்பில் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த மகன் தன் பையைத் தானே எடுத்துக்கொண்டு, "என் வீட்டுக்குப் போலாம்" என்றான். அவன் சொன்னது அந்த வாடகை வீட்டை. தந்தையை இழந்தான், ஆனால் அதே வாரத்தில் தன் அறையையும் தட்டையும் நண்பர்களையும் சேர்த்து இழக்கவில்லை. பெற்றோர் இருக்கும்போதே பழக்கிவிட வேண்டும் என்று பணியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஓர் இல்லத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் கட்டடத்தைவிட வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். சொல்லாமல் போனால் உள்ளே விடுகிறார்களா? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள்? கழிவறைக் கதவு உள்ளே தாழிடும்படி இருக்கிறதா? மருந்து கொடுத்ததற்கு ஏடு உண்டா? அங்கிருப்பவர்கள் பகலில் என்ன செய்கிறார்கள்? பணியாளர்கள் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா? முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் இருக்கிறார்களா என்று கேட்பதும் தகும். அன்றாடத் தற்சார்பு கூடக் கூட, தங்குமிடத் தெரிவும் கூடும். தானே கழிவறை போகவும், தானே உண்ணவும், வலி எங்கே என்று காட்டவும் தெரிந்தவரை ஏற்றுக்கொள்ளப் பல இடங்கள் உண்டு. ஆகவே ஐந்து வயதில் கற்பிக்கும் கழிவறைப் பழக்கம் ஐம்பது வயது வாழ்க்கைக்கான முதலீடு.

இங்கே, பிள்ளையைப் பற்றிய விவரங்களை எழுதிவைக்கும் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய் ஒருவர் திடீரெனப் பித்தப்பை அறுவைக்காக மருத்துவமனையில் சேர்ந்தபோது, அவரது மகன் அக்காள் வீட்டில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்று நினைத்து மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். மூன்றாம் நாள் தாயிடம் பேச முடிந்தபோதுதான் காரணம் தெரிந்தது. அவன் விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில்தான் உண்பான், சோறும் குழம்பும் ஒன்றையொன்று தொடக்கூடாது, முதல் வாய் தயிராக இருக்க வேண்டும். வேறு யாருக்கும் தெரியாத மூன்று செய்திகள். எல்லாப் பிள்ளைகளின் வாழ்க்கையும் இப்படிப்பட்ட நூறு செய்திகளால் ஆனது. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வலிப்பு வருமுன் எப்படி இருப்பார், எந்தச் சத்தம் ஆகாது, எப்படிச் சொன்னால் குளிக்க வருவார், மாதவிடாய் நாட்களில் என்ன உதவி வேண்டும், யாரிடம் பயம். இவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஆண்டுக்கொருமுறை பிறந்தநாளில் திருத்தினால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் சொல்லச் சொல்லப் பள்ளி ஆசிரியர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள். இப்போது பலர் செல்போனில் பேசியும் படம் எடுத்தும் வைக்கிறார்கள்.

நான்காவது வேலை கண்காணிப்பது. மற்ற மூன்றையும் நன்றாகச் செய்த குடும்பங்களும் விட்டுவிடுவது இதைத்தான். நியமனமான பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்குத் தர வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. பிள்ளையைக் கொடுமைப்படுத்தினாலோ, கவனிக்காமல் விட்டாலோ, சொத்தைச் சுருட்டினாலோ பாதுகாவலரை நீக்கக் கோரலாம் என்கிறது 17-ஆவது பிரிவு. ஆனால் யாராவது போய்ப் பார்த்துச் சொன்னால்தான் இப்பிரிவுகள் உயிர்பெறும். கையெழுத்து, காசு, பராமரிப்பு மூன்றையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு, எதையும் கேட்க யாரும் இல்லாதபோதே பெரும்பாலான சீரழிவுகள் நடந்திருக்கின்றன. சில பெற்றோர் சங்கங்கள் இதற்கு எளிய ஒழுங்கு ஒன்றைக் கடைப்பிடிக்கின்றன. இறந்துபோன உறுப்பினரின் பிள்ளையை மற்ற உறுப்பினர்கள் முறைவைத்து மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறார்கள். உடம்பு எடை, உடை, பல், நகம் ஆகியவற்றைப் பார்த்து ஏட்டில் எழுதுகிறார்கள். நகம் வெட்டப்பட்டிருக்கிறதா என்பது ஒன்றே பராமரிப்பின் தரத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

உடன்பிறந்தவர்களிடம் இதைப் பேசுவதில் பெற்றோருக்குத் தயக்கம் அதிகம். "அவ தலையில எதுக்குப் பாரத்தை ஏத்தணும்" என்று பேசாமல் இருப்பார்கள். உள்ளுக்குள் அவள்தான் பார்த்துக்கொள்வாள் என்றும் நம்புவார்கள். மகளோ, எல்லாம் தன் தலையில் விழப்போகிறது என்று சிறுவயதிலிருந்தே அஞ்சிக்கொண்டிருப்பாள். வரன் பார்க்கும்போது இந்த அச்சம் வெளியே வரும். நான்கு வேலைகளையும் தனித்தனியே எடுத்து வைத்து, "இதில் உன்னால் முடிந்தது எது?" என்று கேட்ட வீடுகளில் பேச்சு வேறு விதமாக நடந்தது. வெளிநாட்டிலிருக்கும் மகள் டிரஸ்டியாக இருந்து கணக்குப் பார்ப்பதாகச் சொல்வாள். கூடவே வைத்துக்கொள்ள முடியாத தம்பி, மாதம் இருமுறை போய்ப் பார்ப்பதாக ஒப்புக்கொள்வான். முடிந்ததை மனதார ஏற்றவர்கள் அதைக் கடைசிவரை செய்கிறார்கள்.

காலவரிசையாகச் சொன்னால், ஐந்து வயதுக்குள் சான்றும் அட்டையும் தற்சார்புப் பயிற்சியும். பதினைந்து வயதுக்குள் வேலைப் பழக்கமும், வீட்டுக்கு வெளியே ஓரிரு இரவு தங்கலும். பதினெட்டில் பாதுகாவலர் சான்று, வங்கிக் கணக்கு, வாக்காளர் அட்டை. இருபத்தைந்துக்குள் உயிலும் டிரஸ்டும். பெற்றோரின் அறுபதுக்குள் ஓய்வூதிய ஆணையில் பெயரும் நிரந்தரத் தங்குமிட ஒத்திகையும் முடிந்திருக்க வேண்டும். காப்பீட்டிலும் வைப்புநிதியிலும் நியமனப் பெயராகப் பிள்ளையை எழுதியிருந்தால், அந்தப் பணத்தை அவருக்காக யார் வாங்குவது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஐம்பது வயதை ஒட்டியே மறதிநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், திட்டம் பிள்ளையின் முதுமையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எல்லாம் ஒரே நாளில் முடியாது, முடியவும் வேண்டியதில்லை. நான்கு வேலைகளையும் ஒரு தாளில் எழுதி, எதிரே நான்கு பெயர்களை எழுதிப் பார்ப்பது இன்றே முடியும். பெயர் இல்லாமல் காலியாக நிற்கும் இடம் எது என்று தெரிந்தால், அடுத்துப் பேச வேண்டியவர் யார் என்பதும் தெரியும். குறைபாடுள்ள பிள்ளையை வளர்க்கும் ஒவ்வொரு பெற்றோரும் உடம்பில் தெம்பு இருக்கும்போதே அந்தப் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். அப்பிள்ளையும் அந்தப் பேச்சில் உடன் இருக்க வேண்டும்.